தேர் திரும்பும் மூலையும் பக்கவாட்டில் போகும் சக்கரமும்

பி.காம் படிக்கிற பையன் சக்கரத்தைப் பற்றி எழுதினால் இஞ்சினியரிங் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். பரவாயில்லை, சிரித்துவிட்டுப் படியுங்கள் :) "டெபிட், கிரெடிட் தவிர உனக்கு வேறு எதுவும் தெரியாதா" என்று கேட்ட வகுப்புத் தோழர்களுக்கு இது சமர்ப்பணம்.

விஷயம் எங்கள் மாமாவின் குடோனில் ஆரம்பித்தது. திருவண்ணாமலையில் மளிகை மொத்த வியாபாரம். லீவு நாட்களில் நான் அங்கே கணக்கு எழுதுவேன். குடோன் என்றதும் சினிமாவில் வில்லன் உட்கார்ந்திருக்கும் குடோனைக் கற்பனை செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் மூட்டைகள், நடுவே மூன்றடி வழி. அவ்வளவுதான். நான்கு சக்கர டிராலியை அந்த வழியில் உள்ளே தள்ளலாம், ஆனால் திருப்ப முடியாது. கடைசி வரை போய்விட்டு அப்படியே பின்னால் இழுத்து வர வேண்டும். நடு அடுக்கில் இருக்கும் சர்க்கரை மூட்டை வேண்டுமென்றால் டிராலியை ஓரங்கட்டிவிட்டு முதுகில்தான் சுமக்க வேண்டும்.

மெக்கானிக்கல் படிக்கும் நண்பன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, தன் கடைசி வருட புராஜெக்டையே எங்கள் குடோனுக்குத் தூக்கி வந்துவிட்டான். முழங்கால் உயரத்தில் ஒரு சிறிய ரோபோ வண்டி. நான்கு சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் சாய்வாகச் சின்னச் சின்ன உருளைகள். முன்னால் போகும், பின்னால் போகும், திரும்பாமலேயே நண்டு மாதிரி பக்கவாட்டிலும் போகும். கல்லூரி லேபில் டைல்ஸ் தரையில் அது ஆடிய ஆட்டத்தை அவன் வீடியோவில் காட்டியபோது எனக்கு வாய் அடைக்கவில்லை.

குடோனில் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பிறகு நின்றுவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் உருளைகளுக்கு நடுவே நாலைந்து அரிசி மணிகள்! சுத்தம் செய்து மறுபடி விட்டோம். சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, வண்டி நின்ற இடத்திலேயே கோணிக்கொண்டு சுற்றியது.

இருபது வருடமாக அங்கே மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். "தேருக்குப் போடற மாதிரி ஒரு கட்டையப் போடு தம்பி. தானா திரும்பும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நண்பன் மட்டும் சிரிக்கவில்லை, பாவம்.

ராத்திரி யோசித்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது ஜோக் இல்லை என்று புரிந்தது. அன்றிலிருந்து இந்தச் சக்கரங்களின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பிரச்சினை என்ன?

சக்கரத்துக்குத் தெரிந்தது ஒரே வேலை. முன்னால் உருளும், பின்னால் உருளும். பக்கவாட்டில் தள்ளினால் உருளாது, தேயும். இரண்டு சக்கர மாட்டு வண்டிக்கு இது பெரிய கவலை இல்லை. ஒரு சக்கரம் நின்ற இடத்தில் நிற்க மற்றது சுற்றி வந்துவிடும். அச்சு திரும்பாத நான்கு சக்கர வண்டி அப்படியில்லை. அது திரும்பும்போது ஏதாவது ஒரு சக்கரம் பக்கவாட்டில் தேய்ந்தே ஆக வேண்டும். பாரம் கூடக் கூட அந்தத் தேய்மானமும் கூடும்.

காருக்கு முன் சக்கரங்களைத் திருப்பி இதைச் சமாளிக்கிறோம். ஆனால் அதற்கு இடம் வேண்டும். நெருக்கடியான கட்டடத்துக்குள் அந்த இடம்தான் இல்லை. இங்கேதான் என் சப்ஜெக்ட் வருகிறது. முப்பதடி அகலக் குடோனில் மூன்றடி வழி மூன்று விட்டால் ஒன்பது அடி போகும். வண்டி திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஆறடியாக்கினால் பதினெட்டு அடி போகும். அதாவது வாடகையில் பாதிக்கு மேல் வெறும் காற்றுக்குக் கொடுக்கிறோம்! திரும்புவதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யார் கொடுப்பது என்பதுதான் இந்தச் சக்கரங்களின் வரலாறு முழுக்க ஓடுகிற கேள்வி.

200 டன்னைத் திருப்புவது எப்படி?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அருணாசலேஸ்வரர் கோயிலின் ஐந்து தேர்களும் மாடவீதியில் வரும். அதில் பெரிய தேர், மகா ரதம், 59 அடி உயரம், சுமார் 200 டன் எடை. அம்மன் தேரைப் பெண்கள் மட்டும் இழுப்பார்கள். பெரிய தேர் சீரமைக்கப்பட்டு 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விடப்பட்டது.

இத்தனை பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் கொடுப்பது இழுவிசை மட்டும்தான். தேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கூட நடந்து வரும் சிலர். அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. ஆப்பு வடிவில் செதுக்கிய மரத்துண்டு.

தேர் வலம் வருவதால் மூலைகளில் எல்லாம் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். வலப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும். இடப்பக்கம் முன்னேறும். தேர் கொஞ்சம் வலப்பக்கம் ஒடியும். கட்டையைச் சாய்வாக வைத்தால் சக்கரம் அதன் மேல் ஏறிச் சறுக்கிப் பக்கவாட்டில் ஒரு சாண் நகரும். கட்டையை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி இழுத்து... இப்படி இஞ்ச் இஞ்சாகத்தான் ஒரு மூலை திரும்பும். மலை இருக்கும் மேற்குப் பக்கம் போகப் போக ஏற்றம் வேறு. இறங்கும்போது அதே கட்டைதான் பிரேக்.

திருவாரூர் ஆழித்தேரில் இன்னொரு வித்தை உண்டு. அலங்காரத்தோடு 96 அடி, சுமார் 300 டன் என்று சொல்லப்படும் தேர் அது. பல வருடம் ஓடாமல் நின்று 1970-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. மூலைகளில் தரையில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, மேலே மசகு தடவி, அதன் மேல் சக்கரத்தை ஏற்றித் தேரைத் திருப்புவார்கள். சக்கரம் பக்கவாட்டில் உருளாது, ஆனால் வழுக்கும் அல்லவா? அந்த வழுக்கலைத் தரையில் தடவி வைக்கிறார்கள். இந்தத் தகடு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மர அச்சும் மரச் சக்கரமும் இருந்த பல தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்திருக்கிறது. ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் அங்கிருந்துதான் வந்தது. பாய்லர் செய்கிற கம்பெனி தேருக்குப் பிரேக் செய்தது எனக்கு மிகவும் பிடித்த தகவல். பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போகவில்லை. திருப்புவதற்கு அது இன்னும் வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் "பார்த்தீர்களா, ரோபோவை நம் முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அப்படி இல்லை. அதே பிரச்சினைக்கு அவர்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள். அந்த விடையில் சிரமம் முழுக்க மனிதன் கையில் இருந்தது. கையில் மட்டுமா? 200 டன் உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டை வைப்பவரின் காலிலும் இருந்தது.

சிரமத்தைச் சக்கரத்துக்குள் வைத்தவர்கள்

மேல்நாட்டில் இந்தக் கதை மேஜை நாற்காலியில் இருந்து வருகிறது. சோபா, பீரோ, ஆஸ்பத்திரிக் கட்டிலின் அடியில் தன்னிஷ்டத்துக்குச் சுழலும் குட்டிச் சக்கரம் இருக்குமே, காஸ்டர், அதற்கு டேவிட் ஃபிஷர் என்ற அமெரிக்கர் 1876-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். கையால் தள்ளுகிற சாமானுக்கு இது போதும். சூப்பர் மார்க்கெட் டிராலி எல்லோரும் தள்ளியிருப்பீர்கள். நாம் ஒரு பக்கம் தள்ள அது ஒரு பக்கம் போகும். காரணம், சுழலும் சக்கரம் முதலில் தன்னைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் நம் பேச்சைக் கேட்கும். கை அதைச் சமாளிக்கும். மோட்டார் வைத்து ஓட்டுகிற வண்டிக்கு அது தலைவலி.

1919-ல் ஜே. கிராபோவியெக்கி என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. பெரிய சக்கரத்தின் விளிம்பில் சுற்றிலும் சின்னச் சின்ன உருளைகள். பெரிய சக்கரம் முன்னால் உருளும். பக்கவாட்டில் தள்ளினால் தரையைத் தொடும் சின்ன உருளை உருளும். ஒரு சக்கரத்துக்குள் இரண்டு சக்கரம்! ஆனால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி மோட்டாரால் ஓட்டி, வேகத்தைக் கணக்குப் பார்த்து மாற்றும் வசதி அன்று இல்லை. யோசனை காகிதத்தில் தங்கிவிட்டது.

அடுத்து வருபவர் கதை கொஞ்சம் வேடிக்கை. ஜோசப் புளூம்ரிச். ஆஸ்திரியாவில் பிறந்து நாசாவில் வேலை பார்த்த பொறியாளர். வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்தார்கள் என்று எழுதிக் குவித்த எரிக் வான் டேனிகனின் புத்தகத்தைப் படித்துவிட்டு, இதைப் பொய் என்று நிரூபிக்கிறேன் என்று உட்கார்ந்தார். பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட காட்சியில், திரும்பாமலேயே நாலு பக்கமும் போகும் சக்கரங்கள் வருகின்றன. அதைப் பொறியாளர் கண்ணோடு படித்தவர், கடைசியில் கட்சி மாறி, அது விண்கலம்தான் என்று தானே ஒரு புத்தகம் எழுதிவிட்டார்! அதோடு நிற்காமல் அப்படியொரு சக்கரத்தை வடிவமைத்து 1972-ல் விண்ணப்பித்தார், 1974-ல் காப்புரிமையும் வாங்கினார். விண்கலக் கதையை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. காப்புரிமை மட்டும் நிஜம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் சுவீடனில் மெக்கானம் என்ற கம்பெனியில் வேலை பார்த்த பெங்க்ட் இலான், 1973 வாக்கில் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார். 1975-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. என் நண்பனின் வண்டியில் இருந்தது இவருடைய சக்கரம்தான். கம்பெனி பெயரே சக்கரத்துக்குப் பெயராகிவிட்டது: மெக்கானம் வீல்.

இதில் உருளைகள் 45 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சக்கரமும் தரையை நேராகத் தள்ளாமல் மூலைவாட்டில் தள்ளும். நான்கும் ஒரே திசையில் சுற்றினால் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், வண்டி நேராகப் போகும். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டை முன்னாலும் மற்ற இரண்டைப் பின்னாலும் சுற்றினால் முன்பின் விசைகள் அடிபட்டுப் போய், பக்கவாட்டு விசை மட்டும் மிஞ்சும். வண்டி நண்டு மாதிரி நகரும். இடப்பக்கம் இரண்டும் முன்னால், வலப்பக்கம் இரண்டும் பின்னால் என்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். எதையும் திருப்ப வேண்டாம், வேகத்தை மாற்றினால் போதும்.

இப்போது திருவாரூர் இரும்புத் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் பக்கவாட்டில் நழுவுவதற்காகத் தரையில் தடவி வைத்த வழுக்கலை, இவர் உருளைகளாக்கிச் சக்கரத்தின் விளிம்பிலேயே பொருத்திவிட்டார். இது எனக்குப் புரிந்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஏன் உலகம் முழுக்க இது வரவில்லை?

கப்பல்களுக்குள் சரக்கைத் திருப்ப இடம் குறைவு. அதனால் 1980-களில் அமெரிக்கக் கடற்படை இந்தச் சக்கரத்தில் ஆர்வம் காட்டியது. ஃப்ளோரிடாவில் உள்ள பனாமா சிட்டி ஆய்வுக்கூடத்தில் வண்டிகள் செய்து பார்த்தார்கள். பிறகு ஏர்டிராக்ஸ் என்ற கம்பெனி அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி, பக்கவாட்டில் போகும் ஃபோர்க்லிஃப்ட் செய்தது. பெரிய வியாபாரமாக அது வளரவில்லை.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சியாளரின் குழு மூன்று ரோபோக்கள் செய்தது. மூன்றுக்கும் கிரகப் பெயர்கள். புளூட்டோவுக்கு மூன்று சக்கரம், மூன்றும் தனித்தனியே திரும்பும். அவற்றை ஒத்துப்போக வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. நெப்டியூன் சாதாரண மூன்று சக்கர சைக்கிள் மாதிரி, ஒழுங்காக ஓடியது. அப்புறம் 1985-ல் யுரேனஸ், மெக்கானம் சக்கரத்தோடு. அதே பல்கலைக்கழகத்தின் மியூர், நியூமன் இருவரும் சக்கர ரோபோக்களின் இயக்கத்துக்கு எழுதிய கணக்குமுறைதான் பின்னால் வந்த பல மாணவர்களுக்கு அடிப்படை. என் நண்பனுக்கும்தான்.

மெக்கானம் சக்கரத்தின் குறைகளை எங்கள் குடோன் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு உருளை மட்டும்தான் தரையைத் தொடும், அதனால் மொத்த பாரமும் ஒரு சிறிய இடத்தில் இறங்கும். நான்கு சக்கரமும் தரையில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும், ஒன்று எழும்பினால் திசை போயிற்று. பக்கவாட்டில் போகும்போது மோட்டாரின் உழைப்பில் ஒரு பகுதி ஒன்றையொன்று எதிர்ப்பதிலேயே வீணாகும். உருளை வழுக்குவதால், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி வண்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலும் தப்பு வரும். தூசி, நூல், அரிசி எல்லாம் எதிரி.

சமமான, சுத்தமான தரையும், கையில் காசும் இருந்தால் இதே சக்கரம் ராஜாதான். ஜெர்மனியின் குகா நிறுவனம் செய்யும் ஆம்னிமூவ் என்ற வண்டி 90 டன் வரை தூக்கிக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் நகரும். விமான பாகம், ரயில் பெட்டி மாதிரி சாமான்களை ஆலைக்குள் நகர்த்த வைத்திருக்கிறார்கள். நம் பெரிய தேரில் கிட்டத்தட்ட பாதி எடை! ஆனால் அதை மாடவீதியில் விட்டால் ஒரு சின்னப் பள்ளம் போதும்.

சிரமத்தைத் தரையில் வைத்தவர்கள்

இன்னொரு கூட்டம் சக்கரத்தை விட்டுவிட்டுத் தரையைக் கவனித்தது. 1953-ல் அமெரிக்காவின் பாரெட் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, மேலே கட்டிய ஒரு கம்பியைப் பின்தொடர்ந்து ஆள் இல்லாமல் ஓடும் இழுவை வண்டியைச் செய்தது. அது முதலில் ஓடிய இடம் எது தெரியுமா? ஒரு மளிகைக் கிடங்கு! மாமாவிடம் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு கம்பி தரைக்குள் போனது. 1974-ல் சுவீடனின் கால்மார் ஊரில் வால்வோ திறந்த கார் ஆலையில், கார்கள் தானியங்கி வண்டிகளில் ஏறித் தரையில் போட்ட பாதையில் நகர்ந்தன. இலானும் வால்வோவும் ஒரே நாடு, ஒரே காலம். ஒருவர் சக்கரத்தை மாற்றினார், மற்றவர் தரையை மாற்றினார்.

அடுத்து நான் சொல்லப் போகும் கதைதான் இந்த மொத்தத் தேடலில் எனக்குப் பிடித்தது. வெப்வேன் என்ற இணைய மளிகைக் கம்பெனி 2001-ல் திவாலானது. அங்கே வேலை பார்த்த மிக் மவுண்ட்ஸ், ஆர்டர் எடுப்பதற்காக ஆட்கள் கிடங்கு முழுக்க நடப்பதில்தான் காசு கரைகிறது என்று நினைத்தார். ஆள் அலமாரியிடம் போவதற்குப் பதில் அலமாரி ஆளிடம் வந்தால்? 2003-ல் கீவா சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி ஆரம்பித்தார். கூடச் சேர்ந்தவர்கள் பீட்டர் வர்மன், ரஃபாயெல்லோ டாண்ட்ரியா.

இந்த டாண்ட்ரியா யார்? அப்போது கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் போட்டியில், எல்லாத் திசையிலும் ஓடும் சக்கரங்களை வைத்துக் கலக்கிய கார்னெல் அணியின் வழிகாட்டி. அந்த அணி நான்கு முறை உலக சாம்பியன். எல்லாத் திசைச் சக்கரத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் குறைவு. அப்படிப்பட்டவர் சேர்ந்து செய்த கீவா ரோபோவில் என்ன சக்கரம் போட்டார்கள்? சாதாரணச் சக்கரம்! இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, இரண்டுக்கும் தனி மோட்டார். ஒரு பக்கம் வேகம் குறைந்தால் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் நின்ற இடத்திலேயே சுழலும்.

ஒரு பக்கத்தைத் தயங்க வைத்து மறு பக்கத்தை முன்னேற விடுவது. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? முட்டுக்கட்டை செய்வதும் அதைத்தானே! மூட்டை தூக்கும் அண்ணன் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் புரிந்தது.

கீவா ரோபோ தட்டையாக அலமாரிக்கு அடியில் நுழைந்து, அதைத் தூக்கிக்கொண்டு போகும். கீழே ரோபோ திரும்பும்போது மேலே உள்ள தட்டு எதிர்த்திசையில் சுழலும், அதனால் அலமாரி திரும்பாது. பக்கத்து அலமாரியில் இடிக்காது. தரையில் கட்டம் கட்டமாக ஒட்டிய குறியீடுகளைக் கேமராவால் படித்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். யார் எப்போது எந்தக் கட்டத்துக்குப் போவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எளிமையான சக்கரம், சுத்தமான தரை, பெரிய கணக்கு.

2012-ல் அமேசான் கீவாவை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025-ல் தன் கிடங்குகளில் ரோபோக்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டியதாக அறிவித்தது. இந்தியாவிலும் பிலானி பிட்ஸ் மாணவர்களாக இருந்த சமய் கோலி, ஆகாஷ் குப்தா இருவரும் 2011-ல் கிரே ஆரஞ்ச் கம்பெனியைத் தொடங்கி, இதே மாதிரி அலமாரி தூக்கும் ரோபோ செய்தார்கள். நொய்டாவில் 2016-ல் தொடங்கிய ஆட்வெர்ப் கம்பெனியில் 2022-ல் ரிலையன்ஸ் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது.

சிரமம் எங்கே போனது?

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான். நெருக்கடியான இடத்தில் பாரத்தைத் திருப்பும் சிரமத்தை யாராலும் இல்லாமல் ஆக்க முடியவில்லை, இடம்தான் மாற்றுகிறார்கள். தேரில் அது மனிதனிடம் இருந்தது. இலான் அதைச் சக்கரத்துக்குள் வைத்தார். பாரெட் தரைக்குப் பக்கமாகத் தள்ளினார். கீவா தரைக்கும் மென்பொருளுக்கும் பங்கு பிரித்தது.

அதனால் ஒரு வண்டியை வாங்கும்போது "விலை என்ன" என்று மட்டும் கேட்டால் போதாது, "மிச்சச் சிரமம் யார் தலையில்" என்றும் கேட்க வேண்டும். நான் படிக்கும் காஸ்ட் அக்கவுண்டிங்கில் முட்டுக்கட்டை மரத்துக்கு ஒரு வரி உண்டு. அதை வைப்பவரின் காலுக்கு வரி இல்லை.

இது சும்மா வார்த்தை இல்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் பக்கத்தில் களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேர், தெருவில் திரும்பும் இடத்தில் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. நேராகப் போகும்போது யாரும் பயப்படுவதில்லை, திரும்பும் இடத்தில்தான் எமன் நிற்கிறான். அங்கே தேவைப்பட்டது புதுவிதச் சக்கரம் இல்லை. பாதையை முன்கூட்டியே அளந்து பார்ப்பதும், மின்சாரத்தை நிறுத்தி வைப்பதும் போதுமாக இருந்திருக்கும். தரையையும் வழியையும் சரிசெய்வதும் வடிவமைப்புதான். அதற்கு யாரும் காப்புரிமை கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ரோபோ வந்துவிட்டால் மனிதன் தப்பித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ரிவீல் என்ற புலனாய்வு இதழியல் அமைப்பு 2020-ல் அமேசானின் உள் பதிவேடுகளை ஆராய்ந்து, ரோபோ உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் ரோபோ இல்லாத கிடங்குகளைவிட அதிகம் என்று எழுதியது. அமேசான் அதை ஏற்கவில்லை. ஆனால் காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. நடக்கிற நேரம் மிச்சமானால், அந்த நேரத்திலும் சாமானை எடுத்து வைக்க வேண்டும். காலில் இருந்த சிரமம் தோளுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் குடோனுக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா, நண்பன், மூட்டை தூக்கும் அண்ணன், நான், நால்வரும் உட்கார்ந்து பேசினோம். நண்பன் மெக்கானம் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நடுவில் இரண்டு மோட்டார் சக்கரம், முன்னும் பின்னும் காஸ்டர் என்று மாற்றிச் செய்வதாகச் சொன்னான். அண்ணன் கேட்டது வேறு: "வண்டி வரட்டும் தம்பி. அதுக்கு முன்னாடி அந்தப் பெயர்ந்த தரைய பூசிடுங்க. ரெண்டு வருசமா கேக்கறேன். அதுல கால் இடறி மூட்டையோட விழுந்தது நானு."

கணக்கு நோட்டில் அந்தச் செலவைத் தேடிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் அப்படி ஒரு செலவே இல்லை. ரோபோவுக்குத் தரை சரியில்லை என்று ஒரே நாளில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மனிதனுக்குச் சரியில்லை என்பது மட்டும் கண்ணில் படவில்லை. கொத்தனார் வரும் செவ்வாய்க்கிழமை வருகிறார்.

பி.கு: தீபத்துக்கு ஊருக்கு வரும் நண்பர்கள் ஏழாம் நாள் தேரை முகப்பில் நின்று பார்க்காமல், ஒரு மூலையில் பத்திரமான இடத்தில் நின்று பாருங்கள். சாமியைக் கும்பிட்ட கையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நடப்பவர்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். தப்பு இருந்தால் இஞ்சினியரிங் மக்கள் தாராளமாகத் திருத்தலாம், அடிக்க மட்டும் வராதீர்கள் :)